பதினொன்று புள்ளி ஆறு

"பன்றி எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டாள் பெர்லா உமாலி.

மேட்டுப்பக்கத்திலிருந்து அப்போதுதான் பக்கவண்டி வைத்த தன் ட்ரைசைக்கிளை இறக்கி நிறுத்திவிட்டு மாடியேறி வந்த டென்சியோ, நெற்றி வியர்வையை வழித்துப்போட்டான். "முதுகு பொன்னாயிடுச்சு, பாஸ். வயிறுதான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு."

"அப்ப நமக்கும் யோசிக்க நேரம் இருக்கு."

சான் ரோகெலியோவில் கடிகாரத்தைப் பார்த்துக் காரியம் செய்கிறவர்கள் குறைவு. அதிலும் இன்றைக்கு ஊர்த் திருவிழா. மேட்டுப்பக்கத்து மெக்கானிக் இஸ்கோவின் வீட்டு வாசலில், மூங்கிலில் கோத்த முழுப் பன்றி தணலுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அது வெந்ததும் இஸ்கோவின் அம்மா சொந்தபந்தத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கத்துக்கு இறங்குவாள். படகுக்கார எமோங் வீட்டு வாசலேறி, அவர் மகள் நிங்நிங்கை முறைப்படி பெண் கேட்பாள். நேற்று மத்தியானம் வரைக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஒரு கூடைப்பந்து வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

அந்த நிங்நிங்தான் இப்போது பெர்லாவின் எதிரே உட்கார்ந்திருந்தாள். பேக்கரி மாடியில் ஒற்றை அறை அலுவலகம். ரொட்டி வாசனை இலவசம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும், எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் ஆராய்ந்து அலுத்துப்போய்த் தனியாகத் தொழில் தொடங்கியவள் பெர்லா. டென்சியோ அவளுக்கு ஓட்டுநர், உதவியாளர், கேட்காமலே கிடைக்கும் வாய்.

"அப்பா அடிச்சுச் சொல்லிட்டாரு அக்கா," என்றாள் நிங்நிங். "'பந்துல ஏமாத்துறவன் பொண்டாட்டியையும் ஏமாத்துவான். அவங்க வந்தா பன்றியை மட்டும்தான் உள்ள விடுவேன்'ங்கிறாரு."

"பன்றியையாவது விடுறாரே, தங்கமான மனுஷன்," என்றான் டென்சியோ.

"இஸ்கோ அம்மாகிட்ட நிறுத்தச் சொன்னேன். 'பாதி வெந்த பன்றியை எப்படிடி நிறுத்துறது'ங்கிறாங்க." அவள் கைக்குட்டையை எடுத்தாள். "இன்னைக்கு நின்னா இது நின்னதுதான் அக்கா. எங்கப்பா ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்."

பெர்லா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "கூலி?"

"என்கிட்ட என்ன இருக்கு? வாட்டின பன்றி லெச்சோன்ல முதல் தோல் உங்களுக்குத்தான்."

"எனக்கு ரத்த அழுத்தம். தோல் டென்சியோவுக்கு."

டென்சியோவுக்கு அந்த நொடியே நீதியின் மேல் அளவுகடந்த பற்று வந்துவிட்டது. மொறுமொறு தோலுக்காக அவன் பேயைக்கூடப் பிடித்துக் கொடுப்பான்.

நடந்தது இதுதான். நேற்று இறுதி ஆட்டம்: மேட்டுப்பக்கத்து ட்ரைசைக்கிள்காரர்களுக்கும் கரைப்பக்கத்துப் படகுக்காரர்களுக்கும். பந்துக்குப் பொறுப்பு இஸ்கோ. கரை அணியின் பயிற்சியாளர் எமோங். பாதி ஆட்டம் வரை மேட்டு அணிதான் முன்னால். இடைவேளை முடிந்து பந்தைத் தட்டினால், அதற்குச் சாமி வந்துவிட்டது. வளையத்தில் பட்ட பந்து சர்ச் மணிக்கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஹாலோ ஹாலோ என்ற ஐஸ் இனிப்பு விற்கும் அம்மாளின் ஐஸ் பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஒருவனுக்கு மூக்கில் அடி. ஊர்த்தலைவியும் நடுவருமான கப்பித்தானா விரிங் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, பந்தில் காற்று எவ்வளவு என்று அளந்தார். அளவுமானியைப் பார்த்ததும் எமோங் இஸ்கோவைப் பார்த்துக் கத்திய கத்தல் எதிர்த்தீவு வரை கேட்டதாம்.

ஊர் மன்றத்தில் அந்தப் பந்து ஒரு தட்டின் மேல், குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இஸ்கோ, பந்தைவிடப் பரிதாபமாக.

"ஆட்டத்துக்கு முன்னாடி நானே அளந்தேன்," என்றார் விரிங். மகன் துபாயிலிருந்து அனுப்பிய மின்னணு அளவுமானியை அவர் தாலிக்கொடி மாதிரி கழுத்தில் மாட்டியிருந்தார். "கரெக்டா எட்டு. நிறுத்தினப்ப பதினொன்னு புள்ளி ஆறு. இன்னைக்கு மறு ஆட்டம். அதுக்குள்ள வேற ஆள் யாருன்னு தெரியலைன்னா இஸ்கோதான்னு மைக்ல சொல்லியாகணும்."

"இடைவேளையில பந்து எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் பெர்லா.

"மேசைக்கு அடியில, பையில. எல்லாரும் அழகி ஊர்வலம் பாக்கப் போயிட்டாங்க. காவலுக்கு இவன்தான்."

"நான் அங்கேதான் இருந்தேன்," என்றான் இஸ்கோ. சொல்லும்போது அவன் காதுகள் சிவந்ததை டென்சியோ கவனித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன். எப்படித்தான் குடும்பம் நடத்தப்போகிறானோ.

பெர்லா பந்தின் காற்றுத் துவாரத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். வழுவழுவென்று இருந்தது. முகர்ந்தாள்; வாசனை இல்லை. "ஊசியை உள்ள விடுறதுக்கு முன்னாடி என்ன தடவுவே?"

"என்னத்த தடவுறது? நாக்குல நனைச்சுக்குவேன். எல்லாரும் அப்படித்தான்."

"எண்ணெய்?"

"நாக்கு இருக்கையில எண்ணெய்க்கு ஏன் காசு?"

பெர்லா வராந்தாவுக்கு வந்தாள். அவள் கண்ணில் ஒரு மினுக்கு. அதைப் பார்த்தால் டென்சியோவுக்கு இருப்புக்கொள்ளாது. வாயும் சும்மா இருக்காது.

"அந்த நம்பரைப் பார்த்தியா, டென்சியோ?"

"பதினொன்னரைக்குக் கொஞ்சம் மேல."

"ஏமாத்துறவன் எப்படி ஊதுவான்? பந்து கல்லாகிற வரைக்கும், இல்ல கை வலிக்கிற வரைக்கும். பத்துல நிறுத்துவான், பன்னெண்டுல நிறுத்துவான். புள்ளி ஆறுல எவன் நிறுத்துவான்? கரையில வெளிநாட்டுக்காரங்களுக்குச் சிப்பி மாலை விக்கிறாங்களே, இருநூத்து எண்பத்தேழு பெசோன்னு ஏன் சொல்றாங்க?"

"டாலர்ல அஞ்சு. அதான்."

"அதேதான். பதினொன்னு புள்ளி ஆறு நம்ம டயர்க்கடை பி.எஸ்.ஐ. கணக்குலதான் கோணல். வேற ஏதோ கணக்குல அது முழு எண். எந்தக் கணக்குன்னு கண்டுபிடிச்சா ஆளைக் கண்டுபிடிச்ச மாதிரி."

டென்சியோ விரல் விட்டுக் கணக்குப் போடத் தொடங்கினான். வருஷத்துக்கு இரண்டு முறைதான் அப்படி நடக்கும்.

பெர்லா மனக்கணக்குப் போட்டாள். காலையில்தான் ரத்த அழுத்தம் பார்த்திருந்தாள், அதனால் அவளுக்கு முதலில் பாதரசம்தான் ஞாபகம் வந்தது. "ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஐம்பத்திரண்டுக்குச் சித்தே குறைவான மில்லிமீட்டர் பாதரசம். பதினொன்னு புள்ளி ஆறுன்னா..." உதடு அசைந்தது. "அறுநூறு! சொல்லி வெச்ச மாதிரி அறுநூறு!"

"ரத்த அழுத்தக் கருவி! நர்ஸ் சயோங் அக்கா!" டென்சியோ துள்ளினான். "எனக்கு அப்பவே தெரியும் பாஸ், அந்தம்மா என் கையில பட்டையைக் கட்டி அமுக்குற அமுக்குக்கு அது கொலைகாரக் கைன்னு."

சுகாதார நிலையம் அதே கட்டடத்தின் பின்பக்கம். சயோங் ரேடியோ கேட்டபடி பராக்கோ காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி கரை அணியில் ஆடுகிறவன். ஆக நோக்கமும் தயார். டென்சியோ மார்பை நிமிர்த்திக்கொண்டு பெர்லாவுக்கு முன்னால் உள்ளே நுழைந்தான்.

"அக்கா, நேத்து இடைவேளையில இந்தக் குமிழால ஒரு பந்துக்குக் காத்தடிச்சு, அறுநூறுல நிறுத்தினீங்களா?"

சயோங் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு கருவியைத் தூக்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படிடா. கடைசி நம்பர் என்ன?"

டென்சியோ படித்தான். "முன்னூறு."

"அறுநூறை எங்க பார்க்கிறது, உன் மூஞ்சியிலயா? ஒருத்தனுக்கு அறுநூறு வந்தா நர்ஸ் எதுக்கு, பாதிரியாரைக் கூப்பிட்டாப் போதும். உக்காரு, உனக்கும் பார்த்துடறேன். வாய் ரொம்ப அழுத்தத்துல இருக்கு."

டென்சியோ கதவுப் பக்கம் நழுவினான். அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. தோல் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மேட்டுப்பக்கம் பன்றியின் வயிறு யோசனையை முடித்திருக்கும்.

ரேடியோ மட்டும் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது: கிழக்குக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மையத்தில் ஆயிரம் ஹெக்டோபாஸ்கல்.

பெர்லா சட்டென்று நின்றாள். "சயோங், ஹெக்டோபாஸ்கலை முன்னாடி ரேடியோவில என்னன்னு சொல்வாங்க?"

"மில்லிபார். எங்கப்பா மீன்பிடிக்கப் போறதுக்கு முன்னாடி அதைத்தான் கேப்பாரு."

"ஆயிரம் மில்லிபார் சேர்ந்தா ஒரு பார். ஒரு பாருன்னா பதினாலரை பி.எஸ்.ஐ." பெர்லா மேசையில் விரலால் கோடு கிழித்தாள். "பதினொன்னு புள்ளி ஆறைப் பதினாலரையால வகுத்தா, புள்ளி எட்டு! மீதியே இல்ல!"

"புள்ளி எட்டு பாரா? இந்த ஊர்ல பாருங்கிற வார்த்தையே யாருக்கும் தெரியாதே, பாஸ். டயர்க்கடையில எல்லாம் பி.எஸ்.ஐ.தான்."

"மேட்டுப்பக்கம் தெரியாது. கரையில தெரியும். வண்டியை எடு!"

மைதானத்தை ஒட்டிய படகுக் கொட்டகையில் எமோங் குந்தி உட்கார்ந்து, முக்குளிப்பவர்களின் காற்று உருளைகளைத் தயார்செய்துகொண்டிருந்தார். அகன்ற தோள், மீசை மட்டும் கோபத்தில் ஒரு பக்கம் ஏறியிருந்தது. கையில் ஒரு சின்ன ரப்பர் வளையம். அதில் வாசனையில்லாத, கண்ணாடி மாதிரியான பசையைத் தடவிக்கொண்டிருந்தார். பெர்லா அந்தப் பசையை ஒரு தரம் தொட்டு, டென்சியோவின் விரலில் தேய்த்துக் காட்டினாள். பந்தின் துவாரத்தில் இருந்த அதே வழுவழுப்பு.

"உருளைக்கு எவ்வளவு காத்து அடிப்பீங்க?" என்று பேச்சுக் கொடுத்தாள்.

"இருநூறு."

"இருநூறா? என் டயர் முப்பதுக்கே மூச்சு வாங்குது," என்றான் டென்சியோ.

"அவரோட இருநூறு உன் கணக்குல மூவாயிரத்துக்குப் பக்கம்," என்று பெர்லா காதில் சொன்னாள். பிறகு உரக்க, "அந்த ரப்பர் படகுக்கு?"

"ஓரத்துக்கு ரெண்டரை, தரைக்கு எட்டு." எமோங் கால் பம்பைச் சுட்டினார். அதன் வட்ட முகப்பில் பார் அளவு பூஜ்யத்தில் தொடங்கி ஒன்றில் முடிந்தது. பூஜ்யத்துக்கு மேல் பத்துக் கோடுகள். கரைக்காரர்களுக்குப் புள்ளி சொல்லும் பழக்கமே கிடையாது. புள்ளி எட்டு என்றால் வெறும் எட்டுதான்.

வெளியே வந்ததும் டென்சியோ குதித்தான். "மாமனார்தான் வில்லன்! கல்யாணத்தைக் கெடுக்க அவரே ஊதிட்டு, பையன் மேல பழியைப் போட்டுட்டாரு. இப்பவே கையில விலங்கு..."

"நம்மகிட்ட ஏது விலங்கு?"

"மீன் வலை இருக்கு."

"அவசரக்குடுக்கை. ஏமாத்துறவன் குறி பார்த்து நிறுத்த மாட்டான்னு காலையில இருந்து கத்துறேன். எட்டாவது கோட்டுல அச்சடிச்ச மாதிரி நிறுத்தியிருக்காரு. அந்த மாதிரி நிறுத்துறவன் யோக்கியன். ஒரு யோக்கியன் எதுக்காக ஒளிஞ்சு ஊதணும்? எனக்குப் புரியாதது அது ஒண்ணுதான்."

மைதானத்தில் ஊரே திரண்டுவிட்டது. மேட்டுப்பக்கமும் கரைப்பக்கமும் எதிரெதிரே. இஸ்கோ விரிங்கின் மேசைக்குப் பின்னால். நிங்நிங் கூட்டத்தின் ஓரத்தில், கைக்குட்டையைப் பிழிந்தபடி. பெர்லா கப்பித்தானாவிடம் ஏதோ கிசுகிசுக்க, விரிங் மைக்கைத் தட்டினார்.

"மறு ஆட்டத்துக்குப் பந்து தயாராகணும். இஸ்கோ மேல புகார் இருக்கிறதால, எல்லாரும் நம்புற ஒரு கை வேணும். எமோங், நீங்களே அடிச்சுக் குடுங்க. விதி தெரியுமில்ல?"

"தெரியும். பந்துக்கு எட்டு." எமோங்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊர் தன்னை நம்புகிறது! தன் கால் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். காற்றை இறக்கிவைத்திருந்த பந்தில், பசை தடவிய ஊசியைச் செருகினார். மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் குனிந்து முகப்பைப் பார்த்தார். கடைசி மிதி பூப்போல விழுந்தது.

"எட்டு! முடி அளவு கூடவுமில்ல, குறையவுமில்ல!"

விரிங் தன் அளவுமானியைச் செருகினார். பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மைக்கில் அவர் குரல் தடுமாறியது.

"பதினொன்னு... புள்ளி ஆறு."

ஊரே மேசையைச் சுற்றி நெருக்கியது. 

"அந்த மெஷின் கெட்டுப்போச்சு!" என்று கத்தினார் எமோங். "துபாய்ச் சாமான்! என் முகப்புல எட்டு நிக்குது, வந்து பாருங்க! நேத்தும் இப்படித்தான். அஞ்சரையில கிடந்ததை நான் எட்டுக்குக் கொண்டு..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வந்துவிட்டது. வந்த வார்த்தையை எந்தப் பம்பாலும் திரும்ப இழுக்க முடியாது.

"அஞ்சரையில கிடந்ததை எப்பப் பார்த்தீங்க?" என்று பெர்லா மெதுவாகக் கேட்டாள்.

எமோங்கின் மீசை இறங்கியது.

"இடைவேளையில," என்றார். "எங்க பசங்க பந்து செத்துக்கிடக்குதுன்னு சொன்னாங்க. மேசைகிட்ட யாருமில்ல. கொட்டகைக்கு எடுத்துட்டுப் போய் அளந்தேன். அஞ்சரை. எட்டு இருக்க வேண்டியது! இந்தப் பையன் காத்தை இறக்கி ஏமாத்திட்டான்னு நெனைச்சேன்."

"அப்பவே விசிலடிச்சு நிறுத்த வேண்டியதுதானே?" என்றார் விரிங்.

"எப்படி நிறுத்துறது?" எமோங் வெடித்தார். அது கோபமில்லை என்று டென்சியோவுக்குப் புரிந்தது. "மறுநாளே என் வீட்டு வாசல் ஏறப்போற பையன். என் பொண்ணுக்கு வரப்போற புருஷன். அவன் திருடன்னு ஊர் முன்னாடி நானே சொல்றதா? சத்தமில்லாம சரிபண்ணி வெச்சேன். தப்பை நான் மூடிட்டேன், இனிமே திருந்திடுவான்னு இருந்தேன். அப்புறம் பார்த்தா பதினொன்னு புள்ளி ஆறுங்கிறாங்க! நான் மூடின தப்பை இவன் மறுபடி தோண்டிட்டானேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு."

பெர்லா பந்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இஸ்கோ எட்டுன்னா பி.எஸ்.ஐ. உங்க பம்புல அது அஞ்சரைன்னு காட்டும். நீங்க எட்டுன்னா புள்ளி எட்டு பார். கப்பித்தானா மெஷின்ல அது பதினொன்னு புள்ளி ஆறு. அவனும் இறக்கல, நீங்களும் ஏமாத்தல. ரெண்டு பேரும் எட்டுதான் அடிச்சீங்க."

மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஆட்டக்காரன்தான் முதலில் சிரித்தான். அது தொற்றிக்கொண்டது. மேடும் கரையும் ஒன்றன் தோளில் ஒன்று விழுந்து சிரித்தன. ஐஸ் அம்மாள் உட்கார்ந்தே போய்விட்டாள். எமோங் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இஸ்கோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ காவல்ல இருந்திருந்தா நான் பந்தைத் தொட்டிருக்கவே முடியாதே. எங்கடா போயிருந்தே? நேத்தே சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாமே?"

இஸ்கோவின் காதுகள் மறுபடி சிவந்தன.

"என்கூட இருந்தான்," என்றாள் நிங்நிங், கூட்டத்தை விலக்கிக்கொண்டு. "சர்ச்சுக்குப் பின்னாடி. பெரியவங்க பேசி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. சொன்னா எனக்குத் திட்டு விழும்னு, திருட்டுப் பட்டத்தையே சுமந்துக்கிட்டு நின்னான், அப்பா."

எமோங் பந்தைக் கொண்டுபோய் இஸ்கோவின் கையில் வைத்தார். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கின யானை ஊர் நடுவில் எழுந்து நிற்பதைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

"கப்பித்தானா, ஆட்டத்தை நாளைக்கு வெச்சுக்கலாம். பந்துக்கு இவனே காத்தடிக்கட்டும்," என்றார். "டென்சியோ, உன் வண்டியில இடமிருக்கா?"

"எங்க போகணும் மாமா?"

"மேட்டுக்கு. பையன் வீட்டார்தான் இறங்கி வரணும்கிறது வழக்கம். தப்பு பண்ணினது நான். இந்தத் தடவை நான் ஏறிப் போறேன்."

கூட்டம் 'ஓ'வென்று கூவியது. டென்சியோ ஓடிப்போய்ப் பக்கவண்டியின் இருக்கையைத் தன் சட்டையாலேயே துடைத்தான். எமோங் ஒரு காலை உள்ளே வைத்தவர், சந்தேகத்தோடு டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இதுல எவ்வளவு காத்து?"

"முப்பது."

எமோங் ஒரே தாவில் வெளியே வந்துவிட்டார். "முப்பதா! கொல்லப் பார்க்கிறியா, படுபாவி!"

"உங்க கணக்குல ரெண்டுதான். தைரியமா ஏறுங்க," என்றாள் பெர்லா, பின்னால் ஏறிக்கொண்டே.

"ரெண்டுன்னு சொல்றதுக்கென்ன, மனுஷன் கணக்குல?" என்று முணுமுணுத்தபடி அவர் மறுபடி ஏறினார்.

மேட்டில் இஸ்கோவின் அம்மா தணலை விசிறிக்கொண்டிருந்தாள். பன்றி தலைமுதல் வால்வரை பொன்னாகியிருந்தது. வண்டிக்குப் பின்னால் பாதி ஊர் ஏறி வருவதைப் பார்த்து விசிறியைக் கீழே போட்டாள். எமோங் இறங்கினார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, பொண்ணைக் குடுக்கிறேன்னு சொல்ல நான் வரல," என்றார். "உங்க பையனைக் கேட்டு வந்திருக்கேன். மனசிருந்தா குடுங்க."

இஸ்கோவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிலாகக் கத்தியை எடுத்துப் பன்றியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த மொறுமொறுச் சத்தம் கேட்டதும், கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நீண்ட கை டென்சியோவுடையதுதான்.